பெயர் எழுதப்படாத முகங்கள்: பொகவந்தலாவையில் உறங்கும் ஜூலியா மார்கிரட் கமரன்

சாதாரண தரப் பரீட்சைக்குக் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களை மனப்பாடம் செய்யாமல் நம் கல்லூரி வாசலைத் தாண்டிய பழைய மாணவி எவரும் இருக்கமாட்டார். 1832இல் இராஜகாரியம் ஒழிப்பு, 1833இல் சட்டநிரூபண சபை, நாடு முழுவதற்கும் ஒரே நிர்வாகம், ஒரே நீதிமுறை. வரிசை தவறாமல் எழுதினால் முழுப் புள்ளி. எனக்கும் கிடைத்தது. ஆனால் அந்தக் கமரனின் கல்லறை பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், பொகவந்தலாவை சென். மேரிஸ் ஆலய வளவில் இருக்கிறது என்பதை டொக்டராகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகுதான் அறிந்தேன். அவரோடு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அவருடைய மனைவியை இன்று உலகம் அவரைவிட நன்றாக அறியும். புகைப்படக் கலையின் வரலாற்றை எந்த நாட்டில் எழுதினாலும் முதல் சில அத்தியாயங்களில் ஜூலியா மார்கிரட் கமரன் வந்துவிடுவார்.

நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பழைய படங்கள் சேர்க்கும் பொறுப்பைச் சங்கம் என்னிடம் தந்தது. அந்த வேலையில் இறங்கியபோதுதான் இந்தப் பெண்ணின் கதைக்குள் விழுந்தேன். ஒரு தொரசாணியைப் பற்றியா நம்முடைய மலரில் எழுதப்போகிறாய் என்று என் அம்மா முகம் சுளித்தார். லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சுளிப்புக்கு அவருக்கு உரிமை உண்டு. வாசித்து முடித்தபின் அக்காமாரும் தங்கைமாரும் அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தகப்பன் ஜேம்ஸ் பற்றல் கிழக்கிந்தியக் கம்பனியின் பெரிய உத்தியோகத்தர். தாய் பிரெஞ்சு வழி வந்தவர். சகோதரிகள் ஏழு பேர். மற்றவர்கள் அழகிகள் என்று ஊரெல்லாம் பேர் வாங்க, ஜூலியாவுக்கு மட்டும் அந்தப் பேர் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அழகைத் தேடி அவர் அலைந்த அலைச்சலுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது. 1836இல் உடல்நலம் தேடித் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல். புகைப்படம் என்ற புதுமையைப் பின்னர் அவருக்கு அறிமுகப்படுத்தியவர். மற்றவர் அவரைவிட 20 வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரன். 1838இல் கல்கத்தாவில் திருமணம்.

சார்ள்ஸ் அதற்கு முன்பே இலங்கைக்கு வந்து, நாம் மனப்பாடம் செய்த அந்த அறிக்கையை எழுதியிருந்தார். கண்டி மன்னர் காலத்திலிருந்து வந்த கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன நல்ல மனிதர் என்று நாம் படித்தோம். அது பொய்யில்லை. பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் பெருந்தோட்டங்கள் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்ட யாருக்கும் நேரமிருக்கவில்லை. இராஜகாரியத்திலிருந்து விடுபட்ட கண்டிக் கிராமத்தவர்கள் கோப்பித் தோட்டத்து வேலைக்கு வர விரும்பவில்லை. அவர்களுக்கு வயல் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள் நம் முன்னோர். வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். கட்டாய உழைப்பை ஒழிக்கச் சொன்ன சார்ள்ஸ் கமரனும் பின்னர் இதே மலைகளில் நிலம் வாங்கிக் கோப்பித் தோட்டக்காரர் ஆனார். ஒருவருக்குக் கிடைத்த விடுதலையின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்டு ஒரு பரீட்சை வினாத்தாள் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சார்ள்ஸ் இந்தியாவில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றதும், 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1860இல் வைற் தீவில் ஃபிரெஷ்வோட்டர் என்ற ஊரில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டெனிசன். ஐந்து மகன்கள், ஒரு மகள். இவர்களைத் தவிர எடுத்து வளர்த்த பிள்ளைகள், வந்து போகும் உறவினர். வருமானமோ தூரத்து இலங்கைத் தோட்டங்களையே நம்பியிருந்தது. 1863 டிசம்பரில், தாய் தனிமையில் வாடக்கூடாதென்று மகளும் மருமகனும் ஒரு கெமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது. எனக்கு இப்போது அதைவிடச் சில வயது குறைவு. புதிதாக ஒன்றைத் தொடங்க இனி நேரமில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

அந்தக் காலத்துக் கெமரா விளையாட்டுப் பொருளன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத்திரவத்தைப் பூச வேண்டும். இருட்டறையில் அதை வெள்ளி நைத்திரேற்றில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடி அதைக் கழுவ வேண்டும். பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்து அச்செடுக்க வேண்டும். இந்த இரண்டு மருந்தும் எங்கள் தொழிலுக்கும் பழக்கமானவை. கொலோடியனைக் காயத்தின் மேல் பூசினால் மெல்லிய தோல்போலப் படியும். வெள்ளி நைத்திரேற்றால் கைக்குழந்தையின் தொப்புளில் வளரும் சதையை இன்றும் கருக்குகிறோம். விரலில் பட்டால் கறுப்புக் கறை நாட்கணக்கில் போகாது. ஜூலியாவின் கைகளும் உடுப்பும் மேசைவிரிப்பும் எந்நேரமும் அந்தக் கறையோடுதான் இருந்தன. கோழிக்கூட்டைக் காலி செய்து படக்கூடமாக்கினார். நிலக்கரி வைக்கும் இடம் இருட்டறை ஆனது. ஒரு மாதத்துக்குள், 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் படம் அவருக்குத் திருப்தியாக வந்தது. தன் முதல் வெற்றி என்று அவரே அதைக் குறித்துவைத்தார். கவனியுங்கள், அந்தச் சிறுமியின் பெயரோடு.

அதற்குப் பின் டெனிசன், டார்வின், ஹேர்ஷல், கார்லைல் என்று இங்கிலாந்தின் பெரிய தலைகள் எல்லாம் அவர் கெமராவுக்கு முன் உட்கார்ந்தன. நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் அதட்டல் விழும். படங்கள் தெளிவில்லை, கைரேகை விழுந்திருக்கிறது, தகடு கீறியிருக்கிறது என்று புகைப்படச் சங்கத்து ஆண்கள் பரிகசித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. 1865இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. பெற்ற பட்டங்களைவிட எனக்கு வியப்பாக இருப்பது அவருடைய கணக்கு வைக்கும் ஒழுங்கு. 500க்கு மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். அச்சுக்களில் கையொப்பமிட்டார், தலைப்பு எழுதினார், இருந்தவர் பெயர் எழுதினார்.

வேலைக்காரப் பெண்களையும் படமெடுத்தார். மேரி ஹில்லியரை மாதாவாக நிறுத்தி எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. இன்னொருத்தி மேரி ரயன். தாயோடு பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் சிறுமி. ஜூலியா வீட்டுக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தார், வேலையும் கொடுத்தார். 1865இல் லண்டன் கண்காட்சியில் அவள் படத்தைக் கண்ட ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் அந்த முகத்திலேயே மனம் பறிகொடுத்து, 1867இல் அவளை மணந்து இந்தியாவுக்கு அழைத்துப் போனார். இந்தக் கொட்டன்தான் பிற்காலத்தில் அசாமின் பிரதம ஆணையாளராக இருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைக் கூட்டச் சொல்லித் துரைமாரின் பகையைச் சம்பாதித்தவர். 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. படத்துக்கு ஒரு பெயரும் விலாசமும் இருந்ததால் ஒரு பணிப்பெண்ணின் வாழ்க்கை எங்கே போய் நின்றது பாருங்கள்.

1873இல் ஒரே மகள் பிரசவத்தில் இறந்தாள். கெமராவை வாங்கிக் கொடுத்த அதே மகள். பிரசவ அறையில் இத்தனை வருடம் நின்றவள் என்ற முறையில் அந்த ஒரு வரியைக் கடந்துபோக எனக்கு நேரமெடுத்தது. பணமும் முடையாகியிருந்தது. 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட கோப்பி இலைநோய் தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. மகன்மாரில் சிலர் இலங்கையில் இருந்தார்கள். 80 வயதான சார்ள்ஸ் இலங்கைக்குத் திரும்பவே ஏங்கினார். 1875இல் புறப்பட்டார்கள். இலங்கையில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றினார்கள் என்றும், ஒரு பசுவும் கூடப் பயணம் செய்தது என்றும் குடும்பத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், ஜூலியாவின் தங்கையின் பேத்தி, எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃப்.

களுத்துறையில் கடலோர வீடு. மலையில் பிள்ளைகளின் தோட்டங்கள். இரண்டுக்கும் இடையே வாழ்க்கை. இங்கே அதிகம் படமெடுக்கவில்லை. மருந்தும் தாளும் கிடைப்பது பாடு, வெப்பத்தில் கொலோடியன் சீக்கிரம் காய்ந்துவிடும். இலங்கையில் எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. தாவரங்களை வரைய உலகம் சுற்றிய மரியான் நோர்த் 1877இல் களுத்துறை வீட்டுக்கு வந்தபோது அவரையும் எடுத்தார். மற்றவை பெரும்பாலும் உள்ளூர் மக்களின் படங்கள். களுத்துறைக் கிராமத்தவர்களும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். மரியான் நோர்த் வந்திருந்தபோது தோட்டக்காரன் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான். தோட்ட வேலைக்காக அவனை வைத்திருக்கவில்லை. அவன் முதுகு அழகாக இருந்ததே காரணம்.

1878இல் எடுத்த ஒரு படத்தில் கிழவர் ஒருவரும் சிறுமி ஒருத்தியும் இருக்கிறார்கள். சிறுமிக்கு 12 வயது, கிழவர் தன்னை அவள் தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்று ஜூலியா குறிப்பு எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், அவர்கள் சொன்னதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு குறித்தும் வைத்திருக்கிறார். பெயரை எழுதவில்லை. தலைப்பு களுத்துறைக் குடியானவர் குழு. மற்றப் படங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை: இளம்பெண், சிலோன் என்ற அளவோடு அருங்காட்சியகங்கள் நிறுத்திக்கொள்கின்றன. ஆனிக்கும் மேரிக்கும் பெயர் எழுதிய அதே கை.

அந்த முகங்களில் சிரிப்பில்லை. நேராக நம்மைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை எதிர்ப்பு என்று படிக்கும் ஆய்வுகளும் இருக்கின்றன. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில் என்றால் எந்தப் பெண்ணின் முகமும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒன்று சொல்வேன். இதற்குப் பின், 1890களிலிருந்து, பிளாட்டே போன்ற நிறுவனங்கள் விற்ற தபாலட்டைகளையும் லிப்டன் விளம்பரங்களையும் பாருங்கள். கூடையும் சிரிப்பும் வரிசையும்தான் அங்கே இருக்கும். எந்தப் பெண்ணை எடுத்து எந்தப் பெண் நின்ற இடத்தில் வைத்தாலும் படம் மாறாது. ஜூலியாவின் படத்தில் நிற்கும் பெண்ணுக்குப் பதிலாக வேறொருத்தியை வைக்க முடியாது. டார்வினின் நெற்றியை எந்தக் கவனத்தோடு பார்த்தாரோ அதே கவனத்தோடு அவளையும் பார்த்திருக்கிறார். அந்த மரியாதையும் பெயர் எழுதாத அலட்சியமும் ஒரே பெண்ணிடம் எப்படி இருந்தன என்று கேட்டால், இன்றைய ஆஸ்பத்திரி வார்ட்டிலும் நோயாளியைக் கட்டில் நம்பரால் கூப்பிடும் நல்ல டொக்டர்களை நான் காட்டுவேன். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

1878இல் ஒரு முறை இங்கிலாந்துக்குப் போய் வந்தார். மறு ஆண்டு ஜனவரியில் மகனைப் பார்க்க மலைக்கு ஏறி வந்தவர், டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்து பங்களாவில் நோயில் விழுந்தார். ரயில் ஹட்டனை எட்டியது 1884இல்தான். அதுவரை மாட்டுவண்டிப் பாதை. 1879 ஜனவரி 26ஆம் திகதி, சன்னல் வழியே வானத்தைப் பார்த்து அதன் அழகைப் பற்றி ஒரே ஒரு சொல் சொல்லி உயிர் விட்டார் என்பது குடும்பத்துக் கதை. இரண்டு வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் மலையைக் கடந்து பொகவந்தலாவைக்கு உடலைக் கொண்டு போனார்கள். 1880 மே மாதம் சார்ள்ஸும் வந்து சேர்ந்தார்.

நான் போன நாள் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கல்லில் இருந்த இரண்டு பெயர்களையும் வாசித்தேன். மதிலுக்கு அப்பால் தேயிலை. கமரன் காலத்துக் கோப்பி ஒரு செடிகூட மிஞ்சவில்லை. அந்தச் சரிவுகளில் புதைக்கப்பட்ட நம்மவர்களுக்குக் கல் இல்லை; பெரும்பாலான இடங்களில் குழி இருந்த மேட்டிலும் தேயிலைதான்.

பெயருக்காக நம் மக்கள் பட்ட பாடு அதற்குப் பின்தான் தொடங்கியது. 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்து எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகரத் துண்டைத் தொங்கவிட்டார்கள். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து ஆட்களைச் சந்தித்தார். 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார், பாட்டுப் புத்தகத்தைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். சந்தாப் புத்தகத்தில் பேரேட்டு எண்ணுக்குப் பதிலாகத் தன் பெயரைக் கண்ட தொழிலாளிக்கு அது எப்படி இருந்திருக்கும்! பிறகு 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நீ யார், உன் தகப்பன் எங்கே பிறந்தான், காட்டு என்றது. காட்டுவதற்கு யாரிடம் என்ன இருந்தது? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது.

எங்கள் குடும்பத்தில் எடுத்த முதல் படம் அந்த ஒப்பந்தத்தின் படம். என் அம்மாயியின் தங்கைக்குப் பாஸ்போட் வந்ததும், பிரிவதற்கு முன் எல்லோரும் ஹட்டன் டவுனுக்கு இறங்கிப்போய் ஸ்டூடியோவில் நின்றார்கள். பதினொரு பேர். இரவல் சேலை, இரவல் செருப்பு. யாரும் சிரிக்கவில்லை. பின்புறத்தில் கடையின் முத்திரையும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. பொகவந்தலாவையிலிருந்து திரும்பிய அன்றிரவு அந்தப் படத்தை எடுத்து அம்மாவின் முன் வைத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். தொரசாணி கதையென்றால் சுளித்த முகம் மலர்ந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுச் சொன்னார். பத்துப் பெயர் கிடைத்தது. பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பெயர் அவருக்கு வரவில்லை. கூடலூரில் இருக்கும் சின்னம்மாயியின் பிள்ளைகளிடம் போனில் கேட்டோம். அவர்களுக்கும் தெரியவில்லை.

கண்காட்சிக்கு வந்த படங்களில் 1962ஆம் ஆண்டு விடுதிப் படம் ஒன்று இருக்கிறது. அதிபர், விடுதிப் பொறுப்பாளர், மாணவத் தலைவிகள், மூன்று வரிசை மாணவிகள். இடமிருந்து வலமாக அத்தனை பெயரும் தட்டச்சில் அழகாக இருக்கின்றன. வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேலையில் சமையல்கார அம்மா நிற்கிறார். அவர் பெயர் மட்டும் இல்லை. அந்த வருடங்களில் விடுதியில் இருந்த அக்காமார் கனடாவிலோ, சென்னையிலோ, கொட்டகலையிலோ எங்கிருந்தாலும், அவருடைய தேங்காய்ச் சம்பலையாவது மறந்திருக்கமாட்டீர்கள். பெயர் நினைவு வந்தால் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.